குற்றமின்மையும் அழகும்: பி.பி.சி. இணைநடனப் போட்டியில் நிலைபெற்ற சில ஆடல்கள்

1. முன்னுரை

நூலுக்குரிய குற்றம் பத்து என்றும் அழகு பத்து என்றும் நன்னூலார் பொதுப்பாயிரத்தில் தனித்தனியே தொகுத்துரைத்தார். குற்றம் நீங்கிய அளவிலேயே அழகு தானே அமைந்துவிடும் என்பது அவர் கருத்தாயின், இரண்டு தொகை வேண்டியதில்லை; ஒன்றே போதியதாகும். குற்றமின்மை வேறு, அழகுடைமை வேறு என்பது அவர் உள்ளக்கிடை எனக் கொள்ளுதல் தகும். எனினும் இன்று ஆய்வுரைகளையும் கவிதைகளையும் மதிப்பிட அமரும் நம்மில் பலர், பிழைகளை எண்ணிக் கழித்து, எஞ்சியதற்கு மதிப்பெண் வழங்கும் முறையையே மேற்கொண்டுள்ளோம். இம்முறை எத்துணை தூரம் செல்லும், எவ்விடத்தில் நின்றுவிடும் என்பதை அறிதல் திறனாய்வு பயில்வார்க்கு இன்றியமையாதது.

இதனை விளக்கற்கு இலக்கியத்தை விடுத்து, முற்றிலும் வேறானதொரு துறையிலிருந்து சான்று காட்ட விழைகின்றேன். பிரித்தானிய நாட்டின் பி.பி.சி. தொலைக்காட்சியில் 2004ஆம் ஆண்டு மே மாதம் தொடங்கிய ‘ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்’ என்னும் நடனப் போட்டியே அச்சான்று. பொழுதுபோக்கு நிகழ்ச்சி ஒன்றை ஆய்விதழில் எடுத்துரைப்பது சிலர்க்கு வியப்பளிக்கலாம். ஆயின், ஒரே ஆடலைக் கற்றறிந்தோர் எண்ணால் அளப்பதும், கல்லாத பொதுமக்கள் விருப்பத்தால் அளப்பதும், அவ்விரண்டும் ஒருங்கே கணக்கிடப்படுவதும் இப்போட்டியிற்போல் வெளிப்படையாக நிகழும் இடம் அரிது. இவ்விரு அளவைகளும் எங்கு ஒன்றின, எங்கு மாறுபட்டன, பல்லாண்டு கழிந்த பின்னும் மக்கள் நினைவில் நிற்கும் ஆடல்கள் யாவை, அவை நிற்பதற்குக் காரணம் யாது என்பவற்றை முறையே காண்போம்.

2. போட்டியின் அமைப்பு

ஆணும் பெண்ணும் இணைந்து, ஒருவரையொருவர் பற்றியவாறு, இசையின் தாளத்திற்கேற்பக் கூடம் முழுவதும் பெயர்ந்து ஆடும் நடனத்தை ஆங்கிலேயர் பால்ரூம் நடனம் என்பர். இக்கட்டுரையில் அதனை இணைநடனம் எனக் குறிக்கின்றோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதற்கு ஒருசீரான இலக்கணம் இல்லை. 1904இல் தோன்றிய நடன ஆசிரியர்களின் பேரவை 1924இல் இணைநடனத்திற்கெனத் தனிக் கிளை ஒன்றை நிறுவியது. அக்கிளையினர் அடிவைப்பு, உடல்நிலை, விரைவு ஆகியவற்றை வரையறுத்து நூலாக்கினர். வால்ட்ஸ், டாங்கோ, வியன்னா வால்ட்ஸ், ஃபாக்ஸ்டிராட், குவிக்ஸ்டெப் என ஐந்து ஒரு வகை. சாம்பா, சா-சா-சா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ் என ஐந்து மற்றொரு வகை. முன்னதில் இருவரும் பிடி நெகிழாது ஒருடல்போல் இயங்குதல் வேண்டும். பின்னதில் பிடி விட்டும் ஆடலாம். இடையின் அசைவும் தாள நுட்பமும் அங்கு முதன்மை பெறும்.

பி.பி.சி. ‘கம் டான்சிங்’ என்னும் பெயரில் இணைநடனப் போட்டிகளை 1998 வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் விட்டுவிட்டு ஒளிபரப்பியது. அப்பெயரையும், 1992இல் வெளிவந்த ‘ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம்’ என்னும் ஆத்திரேலியத் திரைப்படத்தின் பெயரையும் இணைத்தே புதிய போட்டியின் பெயர் ஆக்கப்பட்டது. பழைய போட்டியில் ஆடியோர் நடனம் பயின்றோர். புதியதிலோ நடிகர், விளையாட்டு வீரர், இதழாளர், அரசியலார் எனப் பிற துறைகளிற் புகழ்பெற்றோர், நடனத் தொழிலர் ஒருவரோடு இணைந்து வாரந்தோறும் ஒரு புதிய ஆடலைக் கற்று ஆடுகின்றனர். இவ்வொரு மாற்றமே நிகழ்ச்சிக்கு உயிராயிற்று. முன்னது கற்றதை அரங்கேற்றியது; பின்னது கற்றலையே அரங்கேற்றுகின்றது.

நடுவர் நால்வர், ஒவ்வொருவரும் பத்துக்கு இத்துணை என மதிப்பிடுவர், ஆகவே முழு மதிப்பெண் நாற்பது. அம்மதிப்பெண்களின் வரிசைக்கேற்ப இணைகள் புள்ளிகள் பெறும். பொதுமக்கள் அளிக்கும் வாக்குகளின் வரிசைக்கும் அவ்வாறே புள்ளிகள் உண்டு. இரண்டையும் கூட்டக் கடைநிலையில் நிற்கும் இணை வெளியேறும். பல ஆண்டுகளில், கடைநிலை இணைகள் இரண்டும் மீண்டும் ஆட, எஞ்சுவது எது என்பதை நடுவரே முடிவு செய்யும் முறை இருந்துவருகின்றது. 2005இல் அமெரிக்காவில் ‘டான்சிங் வித் தி ஸ்டார்ஸ்’ என்னும் பெயரில் தொடங்கிய போட்டி இதன் வழிவந்ததே.

3. குற்றமற்ற ஆடல்

முதற்கண் குற்றமின்மைக்குச் சான்றாவதைக் கூறுவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பரில் நடந்த இரண்டாம் தொடரின் இறுதிப் போட்டியில் நடிகை ஜில் ஹாஃப்பென்னி, டேரன் பென்னெட் என்பாரோடு இணைந்து ஜைவ் ஆடினார். நடுவர் நால்வரும் பத்து வழங்க, இப்போட்டியின் வரலாற்றில் முதன்முறையாக நாற்பது மதிப்பெண் பதிவாயிற்று. அவ்விணையே அத்தொடரின் வெற்றியும் பெற்றது.

இவ்வாடலின் அருமையை உணர, ஜைவின் இலக்கணத்தைச் சிறிது அறிதல் வேண்டும். போட்டி நடனத்தில் ஜைவின் விரைவு நிமிடத்திற்கு 42 முதல் 44 பார் வரை. பார் என்பது இங்கு நான்கு தட்டுகள் கொண்ட தாளக்கூறு. 44 எனக் கொள்ளின், நிமிடத்திற்கு 176 தட்டுகள் ஆம். ஜைவின் அடிப்படைக் கோவையில் ஆறு தட்டுக்குள் எட்டு அடிகள் வைக்கப்பெறும். எனவே ஏறத்தாழ இரண்டு நொடிக்குள் எட்டு அடிகள். இவ்விரைவிற் கால் தரையிற் பதிவதும் மீள்வதும் கலங்காமல், முழங்கால் மடங்கி உயர்ந்து, முகத்தில் முயற்சியின் சுவடு தோன்றாதிருத்தல் வேண்டும். பயின்றார்க்கே அரிதாகிய இதனைச் சில திங்களே பயின்ற ஒருவர் செய்து காட்டினார்.

இங்கு நடுவரின் அளவையும் மக்களின் விருப்பமும் ஒன்றின. விரைவு, தெளிவு, ஆற்றல் என்பன எண்ணத்தக்கன. எண்ணத்தக்கவற்றில் நிகரற்று விளங்கிய ஆடலை எண் சரியாகவே காட்டிற்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் பெருமிதம் பிறக்கும் நிலைக்களன்களுள் கல்வியை வைத்தார். கற்றதன் நிறைவு ஒருவன் மெய்யில் தோன்றக் காண்பார்க்கும் அப்பெருமிதம் பரவுகின்றது. இவ்வாடலின் சுவை அதுவே. இத்தகைய ஆடல்களே எங்கும் நிகழுமாயின் நமக்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. சிக்கல் பின்னரே தோன்றுகின்றது.

4. நகையும் அளவையின் தடுமாற்றமும்

2008ஆம் ஆண்டுத் தொடரில் அரசியற் செய்தியாளராகப் புகழ்பெற்ற ஜான் சார்ஜண்ட் பங்கேற்றார். முதியவர், உடல் பருத்தவர், தாளம் கைவரப் பெறாதவர். நடுவர் அவர்க்குத் தொடர்ந்து குறைந்த மதிப்பெண் வழங்கினர். பாசோ டோப்ளே ஆடியபோது தம் இணையாகிய கிறிஸ்டினா ரிஹானாஃபைத் தரையில் இழுத்துச் சென்ற காட்சி நாடெங்கும் நகைப்பை விளைத்தது. ஆயினும் மக்கள் அவரைக் கைவிடவில்லை. அவரினும் திறம்பட ஆடியோர் ஒருவர் பின் ஒருவராக வெளியேற, அவர் எஞ்சி நின்றார். ஈற்றில், தாம் வென்றுவிடவும் கூடும் என்னும் நிலை நேர்ந்தமையின், நவம்பர் மாதத்தில் அவர் தாமே போட்டியினின்றும் விலகினார்.

மக்கள் அவரை விரும்பியது ஏன்? நகை தோன்றும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கென்பது தொல்காப்பியம். மக்கள் அவரை எள்ளி நகைத்தனர் என்று சிலர் கூறினர். எள்ளப்படுவானை வாரந்தோறும் வாக்களித்துக் காப்பார் இலர். மடமை என்றும் கூறவியலாது; அவர் தம் குறையை நன்கறிந்தவர். அறியாமை உடையோர் புதியதொன்றைப் பயில முனையும்போது தோன்றும் இளமையின் சாயலே அங்குக் களமாயிற்று எனத் தோன்றுகின்றது. அறுபதைக் கடந்தவரிடத்துக் குழவியின் தளர்நடை கண்டு மக்கள் உவந்தனர். 2016இல், நிதித்துறையில் எதிர்க்கட்சியின் முதன்மைப் பேச்சாளராக விளங்கியிருந்த எட் பால்ஸ் ‘கங்னம் ஸ்டைல்’ என்னும் கொரியப் பாடலுக்கு ஆடிய சால்சாவும் இவ்வகையினதே. தம்மையே நகைப்பொருளாக்கிக்கொள்ள அஞ்சாத ஒருவரைக் கண்டு பிறர் நகைப்பது எள்ளல் ஆகாது.

எனினும் இதில் ஓர் அறச் சிக்கல் உண்டு என்பதை மறைத்தல் ஆகாது. சார்ஜண்ட் எஞ்சிய ஒவ்வொரு வாரமும் கற்று உழைத்த ஒருவர் இடம் இழந்தார். அவர் விலகியது அவ்வுழைப்பிற்கு அளித்த மதிப்பே ஆகும்.

எண்ணால் அளக்கும் முறையின் தடுமாற்றத்தை அதே தொடரின் அரையிறுதி இன்னும் தெளிவாகக் காட்டிற்று. அங்கு மூன்று இணைகள் எஞ்சின. ரேச்சல் ஸ்டீவன்ஸ், லிசா ஸ்னோடன் இருவர்தம் இணைகளும் நடுவரிடம் சம மதிப்பெண் பெற்று முதலிடத்தைப் பகிர்ந்தன. ஆதலின் ஒவ்வொன்றும் மூன்று புள்ளி. டாம் சேம்பர்ஸின் இணைக்கு ஒரு புள்ளி. மக்கள் வாக்கில் அவரே முதல்வராயினும் மூன்று புள்ளி சேர்ந்து மொத்தம் நான்கே ஆகும். மற்ற இருவருள் வாக்கில் இரண்டாமவர்க்கு ஐந்து, கடையவர்க்கும் நான்கு. ஆகவே மக்கள் எத்துணைப் பேர் வாக்களிப்பினும் சேம்பர்ஸ் கடைநிலை இருவருள் ஒருவராதல் தவிராது. இது புலனானபோது நிகழ்ச்சியார் மூவரையும் இறுதிப் போட்டிக்கு அனுப்பினர். அடுத்த வாரம் மக்கள் வாக்கினால் வென்றவர், வாக்கு எதனாலும் காக்க இயலாதிருந்த அதே டாம் சேம்பர்ஸ் ஆவார். வரிசை எண் அளவையேயன்றி மதிப்பு ஆகாது என்பதற்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

5. ஓசை அவிந்த ஆடல்

இனி, இப்போட்டியின் ஆடல்களுள் பலராலும் முதன்மையாகப் போற்றப்படுவதைக் காண்போம். 2021ஆம் ஆண்டில் ரோஸ் அய்லிங்-எல்லிஸ் என்னும் இளம் நடிகை பங்கேற்றார். பிறவியிலேயே செவிப்புலன் குன்றியவர். பிரித்தானியச் சைகைமொழி பேசுபவர். இப்போட்டியில் இடம்பெற்ற முதற் செவிப்புலன் குன்றியவரும் அவரே. அமெரிக்கப் போட்டியில் 2008இலேயே மார்லி மாட்லின் ஆடினார் என்பதும், 2016இல் நைல் டிமார்கோ வென்றார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன. ரோஸின் இணை இத்தாலியராகிய ஜியோவானி பெர்னிசே. தாளத்தை எண்ணியும், அதிர்வை உணர்ந்தும், இணையின் உடலசைவைக் கண்டும் அவர் ஆடப் பயின்றார்.

நவம்பர் மாதத்தில் அவ்விருவரும் ‘சிம்ஃபனி’ என்னும் பாடலுக்கு ஆடினர். ஆடல் நடுவில் இசை திடீரென நின்றது. கூடத்திலும் வீடுகளிலும் ஓசை இல்லை. ஆடல் நிற்கவில்லை. சில நொடிகள் இருவரும் அவ்வமைதியிலேயே தாளம் பிறழாது ஆடினர். இசை மீண்டபோது அவர்தம் அடி இசையோடு பொருந்தி நின்றது. அதன்பின் ஆடல் முடிவெய்திற்று. செவிப்புலன் குன்றியோர்க்கு உரிமையாக்கப்பெற்ற ஆடல் அது. 2022இல் பாஃப்டா விருது விழாவில், மக்கள் வாக்கினால் அளிக்கப்பெறும் ‘கண்டே தீர வேண்டிய கணம்’ என்னும் விருதினை அக்காட்சி பெற்றது.

இவ்வாடல் ஏன் நிலைபெற்றது? இரக்கத்தினால் என்பார் உளர். இவ்விடை எளிதாகத் தோன்றும்; எனினும் பொருந்தாது. முதலாவது, இவ்வாடலுக்கு முன்னரே, அக்டோபர் இறுதியில் ரோஸ் ஆடிய டாங்கோவுக்கு நடுவர் நாற்பது மதிப்பெண் வழங்கினர். ஒரு தொடரில் அத்துணை விரைவாக முழு மதிப்பெண் கிடைத்தது அதுகாறும் இல்லை. டாங்கோவோ பிடி நெகிழாது, கூர்மையும் நிறுத்தமும் மிக்கதாக, இணையின் உடல்வழியே தாளம் உணர்ந்து ஆட வேண்டிய கடுமையான நடனம். அவரைச் சிறந்தோர் எனத் துணிதற்கு இரக்கம் வேண்டியதில்லை. கற்றோரின் அளவையே போதியதாயிருந்தது.

இரண்டாவது காரணம் இதனினும் ஆழ்ந்தது. அழுகை பிறக்கும் களங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு. அவற்றுள் எதுவாயினும், காண்பான் தன்னிலையில் நின்று, குறைவுற்ற பிறன் ஒருவனை நோக்குகின்றான். அவ்வமைதியில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. ஆடுபவரிடத்து எக்குறையும் தோன்றவில்லை. கண்டோர்க்கே ஓசை இல்லாது போயிற்று. கேளாமை என்பதைப் பிறரிடம் உள்ளதாகக் கண்டோர், அதனைத் தம்மிடத்தே உற்றனர். உற்றவர், அவ்வமைதியினுள்ளும் தாளம் கெடாது நிற்பதைக் கண்டு வியந்தனர். ஆதலின் அங்குப் பிறந்த மெய்ப்பாடு அழுகை அன்று, மருட்கை. புதுமை பற்றியும் பெருமை பற்றியும் தோன்றும் வியப்பே அது. கண்டோர் சிலர் கண்ணீர் விட்டனர் என்பது உண்மையே. மருட்கையின் மிகுதியாலும் கண்ணீர் வரும் என்பதை அன்பர் பலர் தம் வாழ்விற் கண்டிருப்பர்.

மூன்றாவதாக ஒன்று. இசைக்கு ஆடுதல் நடனம் என்பது பொதுக் கொள்கை. இசை நின்றபின்னும் நடனம் நின்றால், தாளம் என்பது செவியில் இருப்பதா உடலில் இருப்பதா என்னும் வினா எழுகின்றது. அவ்வினாவை அவ்வாடல் விளக்கவுரை எதுவுமின்றி எழுப்பியது. ஒரு கலைப்படைப்பு தன் கலையின் இலக்கணத்தைப் பற்றியே ஒன்றைத் தெளிவிக்குமாயின், அதனைக் குற்றமின்மை என்னும் அளவையால் மட்டும் அளத்தல் இயலாது. அவ்வாண்டு டிசம்பரில் ரோஸும் பெர்னிசேயும் வென்றனர். 2022 ஏப்ரலில் பிரித்தானியச் சைகைமொழிச் சட்டம் நிறைவேறியது. அதற்காகக் குரல்கொடுத்தோருள் ரோஸும் ஒருவர். ஓர் ஆடலால் ஒரு சட்டம் வந்தது என்று கூறுதல் மிகையாம். பல்லாண்டு உழைத்தோர் பலர். ஆயினும் ஒரு மொழிக்கு மதிப்பு வேண்டுவார் அம்மொழியின் அழகை முதலிற் காட்டுதல் வேண்டும் என்பதை மொழித்துறையினராகிய நாம் நன்கறிவோம்.

6. சொல்லாற் கற்ற ஆடல்

2024ஆம் ஆண்டில் நகைச்சுவைக் கலைஞர் கிறிஸ் மெக்காஸ்லண்ட் பங்கேற்றார். லிவர்பூல் நகரினர், பரம்பரையாக வரும் விழித்திரை நோயினால் படிப்படியாகப் பார்வை இழந்தவர், இப்போட்டியில் ஆடிய முதற் பார்வையற்றவர். அவர்தம் இணை ஆத்திரேலியராகிய டயன் பஸ்வெல். நடனம் கண்டு கற்கும் கலை. ஆசிரியர் ஆடிக்காட்ட மாணவர் அதனைப் போன்று ஆடுவதே எங்கும் வழக்கு. இங்கு அவ்வழி அடைபட்டது. ஒவ்வோர் அசைவையும் பஸ்வெல் சொல்லாலும் தொடுதலாலும் விளக்க வேண்டியதாயிற்று. கை எவ்வளவு உயர்வது, உடல் எத்திசை திரும்புவது என்பனவற்றையெல்லாம் சொல்லாக்குதல் எளிதன்று. கண்ணாற் காண்பதைச் சொல்லாற் காட்டுதல் புலவர் தொழில். அதனை அங்கு ஒரு நடன ஆசிரியர் மேற்கொண்டார்.

‘இன்ஸ்டன்ட் கர்மா’ என்னும் ஜான் லெனனின் பாடலுக்கு அவர்கள் ஆடியபோது, நடுவில் ஒளி அவிந்து திரை முழுதும் இருண்டது. ஒளி மீண்டபோது ஆடல் தொடர்ந்தது. ரோஸின் அமைதிக்கு இவ்விருள் இணையானது என்பது தெளிவு. எனினும் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு உண்டு. அமைதியில் ஆடலைக் கண்டோம். இருளில் ஆடலையே இழந்தோம். ஆகவே முன்னது ஆடலின் இலக்கணத்தை விளக்கியது. பின்னது ஆடுவோனின் உலகை உணர்த்தியது. கலை நயத்தில் முன்னதையே மேலாக யான் கருதுகின்றேன். மக்களின் தேர்வும் நோக்கத்தக்கது. 2025இல் பாஃப்டா விழாவில் மக்கள் வாக்கினால் விருது பெற்றது இவ்விருளாடல் அன்று. லிவர்பூல் மக்கள் தம் கால்பந்துக் கழகத்தின் பாடலாகப் போற்றும் ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ என்னும் பாட்டிற்கு அவ்விருவரும் ஆடிய வால்ட்ஸ். அதில் எந்த உத்தியும் இல்லை. இருவர் பிடி நெகிழாது மெல்ல ஆடினர். தனித்து நடவாய் என்னும் கருத்தமைந்த பாடலுக்கு, ஒருவர் கைப்பிடியின்றி மற்றவர் இயங்க இயலாத நடனம் பொருளாயிற்று. இணைநடனத்தின் பிடி என்பது வெறும் இலக்கண விதியன்று, நம்பிக்கையின் வடிவம் என்பதை அவ்வாடல் விளங்கச் செய்தது. 2024 டிசம்பரில் அவ்விணையே வெற்றி பெற்றது.

7. ஒரு தடையும் விடையும்

இவ்வாடல்களை மக்கள் விரும்பியது ஆடலுக்காக அன்று, ஆடலுக்கு முன் காட்டப்பெறும் குறும்படத்திற்காகவே எனச் சிலர் தடை எழுப்பலாம். ஒவ்வோர் ஆடலுக்கும் முன் அவ்வாரப் பயிற்சியில் ஆடுவோர் பட்ட இன்னல்கள் காட்டப்படுவது உண்மை. அஃது ஆடலின் பாயிரம் போல்வது. கேட்போர் உள்ளத்தைப் பண்படுத்துவது. பாயிரத்தால் நூல் விளங்கும். ஆயின் பாயிரத்தால் நூல் நிலைபெறாது. இன்னல் காட்டப்பெற்ற ஆடல்கள் பல நூறு. அவற்றுள் மறக்கப்பட்டனவே மிகுதி. நிலைபெற்றவை, குறும்படத்தில் கூறப்பட்ட செய்தியை ஆடலினுள்ளேயே வடிவமாக்கியவை. செய்தி வெளியே நின்றால் இரக்கம்; உள்ளே புகுந்து உருப்பெற்றால் கலை.

8. முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் விளங்குவன: எண்ணத்தக்க திறங்களில் நடுவர் அளவை நம்பத்தக்கது, ஹாஃப்பென்னியின் ஜைவும் ரோஸின் டாங்கோவும் அதற்குச் சான்று. மக்கள் விருப்பம் சிற்சில வேளை திறத்தைப் புறந்தள்ளும்; சார்ஜண்டின் நிலை அதற்குச் சான்று. ஆயின் கலை தன் எல்லையை விரிக்கும் இடத்தில், எண் வாய்மூடி நிற்க, மக்களின் மெய்ப்பாடே முதலில் அதனை அறிந்து கூறுகின்றது. ஆகவே இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றின் பணியைச் செய்யாது.

மாணவர்தம் படைப்பையும் ஆய்வையும் திருத்த அமரும்போது, பிழைகளைக் குறித்தல் நம் கடமையே. குறித்து முடித்த பின், இதில் நமக்கு இதுகாறும் தெரியாதிருந்த ஒன்று விளங்கிற்றா என்று ஒருமுறை வினவிக்கொள்ளுதலும் கடமை. முதற் பட்டியலோடு எழுதுகோலை வைத்துவிடுவோமாயின், நன்னூலார் வகுத்த இரண்டாம் பட்டியலை நாம் கற்றும் கல்லாதவர் ஆவோம்.